பழைய பிரதி

அப்பாவைப் பற்றி எழுதி வைத்திருந்த கட்டுரையிலிருந்து, அவர் பட்ட கடனைச் சொல்லும் இரண்டு பத்திகளை, "குடும்ப விஷயம், வேண்டாமே" என்று நீக்கிச் சேமித்துவிட்டேன். நாலு நாள் கழித்துத் தங்கை போனில், "அண்ணா, அந்தக் கடனுக்குத்தானே அம்மா வளையலை வித்தா? அதை விட்டுட்டு என்னத்தை எழுதினே?" என்றாள். மறுபடி எழுத உட்கார்ந்தால் தொகையும் வட்டியும் ஞாபகம் வரவில்லை. பார்த்து எழுதிய சீட்டோ அதற்குள் பழைய பேப்பர்காரனிடம் போய்விட்டது.

பேரன் சிரித்தான். அவர்கள் ஆபீசில் 'கிட்' என்று ஒன்று உண்டாம். லினக்ஸ் புகழ் லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கியது. பதியும் ஒவ்வொரு முறையும் அன்றைய நிலை, யார், எப்போது, எதற்காக என்ற குறிப்போடு நின்றுவிடும். என்றோ இருந்த நிலையிலிருந்து ஒரே ஒரு கோப்பை மட்டும் எடுத்து இன்றைய இடத்தில் வைக்கலாம். நடுவில் செய்த திருத்தங்களும் அழியாது. பழையதைத் திருப்பி வைத்ததே இன்னொரு பதிவாக மேலே சேரும்.

குமாஸ்தாக்களுக்கு இது புதிதல்ல. தப்பை ஒற்றைக் கோட்டால் அடித்துச் சுருக்கொப்பம் வைப்போம், சுரண்டினால் மெமோ. நான் பிரெஞ்சில் படித்தவன். பிரெஞ்சு நொத்தேர் பத்திரத்தில் எத்தனை சொல் அடிக்கப்பட்டது என்று எண்ணியே எழுதி வைப்பார்கள்.

ஆனால் எல்லோருக்கும் மூத்த உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே ஓடும் கொள்ளிடத்தின் வழியே கிழக்கே போனால், வடகரையில் திருமழபாடி. நந்தி கல்யாணத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். முதலாம் ராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013 வாக்கில், அந்தக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்டச் சொன்னான். பிரிக்கும் முன் சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்க உத்தரவு. ராஜேந்திரனின் 14-ஆம் ஆண்டில் அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் புதுச் சுவரில் திரும்ப வெட்டினார்கள். இடையில் பதின்மூன்று வருஷம், ராஜாவே மாறியாயிற்று. புத்தகம் பத்திரமாக இருந்திருக்கிறது. இந்த விவரத்தையும் கல்லிலேயே வெட்டிவைத்தார்கள் பாருங்கள், அதுதான் எழுத்தர் வேலை!

இன்று திருப்பணி என்ற பெயரில் எத்தனை ஊரில் மணல் வீச்சில் எழுத்து தேய்ந்து போயிற்று. படியெடுத்து முடித்ததாகக் கையெழுத்து விழாமல் ஒரு கல்லையும் தொடவிடக் கூடாது என்பேன்.

என் கட்டுரைகளையெல்லாம் பேரன் இப்போது கிட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறான். கடன் பத்தியை ஞாபகத்திலிருந்து எழுதிச் சேர்த்தேன். தொகை இருந்த இடத்தில் வெறும் கோடு. தங்கைக்கும் தெரியவில்லை.