ஸஜ்தாவுக்கு ஸ்கேன் சாட்சி வேண்டுமா?

நம் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் அடிக்கடி வலம் வருகிறது. நெற்றி நிலத்தில் பதிய ஒருவர் ஸஜ்தாவில் இருக்கிறார். அவர் தலைக்குள் மூளை சிவப்பும் மஞ்சளுமாக ஒளிர்கிறது. ஸஜ்தாவின்போது மூளையின் முன்பகுதி விழித்தெழுவதை ஸ்கேன் நிரூபித்துவிட்டது என்று கீழே ஒரு வாசகம். பெரம்பூர் ஜமாலியாவில் ஜும்ஆ முடித்து வெளியே வரும் வாலிபரின் கைபேசியிலும் அது இருக்கிறது. அதே வாலிபரிடம் கல்லூரித் தோழர் வேறொன்றைக் காட்டுகிறார்: மூளையில் 'கடவுள் புள்ளி' ஒன்று உண்டாம், இறைநம்பிக்கை என்பது நரம்புகளின் விளையாட்டே என்பதும் நிரூபணமாகிவிட்டதாம்.

முதல் செய்தியைக் கண்டு 'சுப்ஹானல்லாஹ்' சொல்லிப் பரப்புகிறோம். இரண்டாவதைக் கண்டு கொதிக்கிறோம். ஆனால் இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். கருவி எதை அளக்கிறது என்று கேளாமலே, அது தீர்ப்பு வழங்கிவிட்டதாக நம்புவதே அந்தத் தாய்.

மூளையை ஆராயும் கருவி எதுவும் எண்ணத்தைக் காண்பதில்லை. 1924இல் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் முதன்முதலாக மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். அன்று முதல் இன்றுவரை இ.இ.ஜி. கருவி அளப்பது உச்சந்தோலில் தெரியும் மிகச் சிறிய மின்னழுத்த மாற்றங்களையே. கண் இமைத்தால் எழும் மின்னதிர்வு அவற்றைவிடப் பெரியது. எஃப்.எம்.ஆர்.ஐ. கருவியோ நரம்பைக்கூட நேரடியாகப் பார்ப்பதில்லை. இரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தைச் சில வினாடிகள் தாமதித்துக் காண்கிறது. படத்திலுள்ள சிவப்பும் மஞ்சளும் மூளையின் நிறங்கள் அல்ல; கணக்கீட்டின் முடிவுக்குக் கணினி பூசிய சாயம். 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் செத்த சால்மன் மீன் ஒன்றை அக்கருவிக்குள் வைத்து, அதற்கு மனிதர்களின் புகைப்படங்களைக் 'காட்டினர்'. காசிமேட்டுக் கூடையில் கிடக்கும் மீனைப் போல உயிரற்ற அந்த மீனின் மூளையிலும் 'இயக்கப் புள்ளி' தோன்றியது. புள்ளியியல் திருத்தத்தைச் செய்தவுடன் அது மறைந்தது. கருவி பொய் சொல்லவில்லை. கேட்டவர் முறையாகக் கேட்கவில்லை என்பதே அவர்கள் புகட்டிய பாடம்.

இப்போது ஸஜ்தாவின் படத்திற்கு வருவோம். எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் மனிதன் படுத்தே இருக்க வேண்டும். தலை சில மில்லிமீட்டர் அசைந்தாலும் படம் கெட்டுவிடும். நின்று, குனிந்து, சிரம் பணியும் தொழுகையை அதற்குள் எவ்வாறு நிறைவேற்றுவது? ஸஜ்தாவை எஃப்.எம்.ஆர்.ஐ. நேரில் படம்பிடித்தது என்பவர், அக்கருவியின் வாசலைக்கூடக் கண்டவர் அல்லர். ஊசி வழியே கதிரியக்கப் பொருளைச் செலுத்திப் பின்னர்ப் படமெடுக்கும் 'ஸ்பெக்ட்' என்னும் வேறொரு முறை உண்டு. அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ நியூபெர்க் குழுவினர் அம்முறையில் முஸ்லிம்கள் ஒருசிலரின் ஆழ்ந்த வணக்கத்தை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டனர். அதில் முன்மூளையின் இரத்த ஓட்டம் குறைந்தே காணப்பட்டது! வாட்ஸ்அப் படத்தை நம்பித் தொழத் தொடங்கியவர், இதைப் படித்தபின் தொழுகையை விட்டுவிட வேண்டுமா?

'இளைஞர்களின் ஈமான் வலுப்பெற்றால் இதில் என்ன தவறு?' என்று கேட்போர் உண்டு. தவறு இதுதான்: ஸ்கேனின் மீது கட்டிய ஈமான் அடுத்த ஸ்கேனில் சரியும். நாம் ஸஜ்தா செய்வது அல்லாஹ் கட்டளையிட்டான் என்பதற்காக. முன்மூளைக்கு உடற்பயிற்சி என்பதற்காக அல்ல.

'கடவுள் புள்ளி'யின் கதையும் இத்தகையதே. அதன் வேர்களுள் ஒன்று நம் வடசென்னையோடு தொடர்புடையது. நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கலிஃபோர்னியாவில் புகழ்பெற்ற நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், பொட்டு மூளைப் பகுதியில் வலிப்பு கொண்ட ஒருசில நோயாளிகளுக்கு மதம் சார்ந்த சொற்களைக் காட்டி ஆராய்ந்தார். 1997இல் பத்திரிகைகள் அதைக் 'கடவுள் புள்ளி' என்று முழங்கின. அவருடைய கருவி அளந்தது எதை? உள்ளங்கையில் வியர்வையால் ஏற்படும் மின்கடத்தல் மாற்றத்தை! வியர்வை, மனம் கிளர்ந்தது என்று மட்டுமே சொல்லும். கிளர்த்திய பொருள் உண்மையா பொய்யா என்று அது சொல்லாது. மகனைக் கண்ட தாய்க்கும் உள்ளங்கை வியர்க்கலாம். அதனால் மகன் கற்பனை ஆகிவிடுவானா? இவ்வாய்விலிருந்து இறைவன் உண்டா இல்லையா என்று முடிவு கூற முடியாது என்பதை ராமச்சந்திரனே எழுதியிருக்கிறார். தோழர்கள் அதை மட்டும் படிப்பதில்லை.

இதில் நம் உரிமையும் அடங்கியிருக்கிறது. அல்அலக் அத்தியாயத்தின் 15, 16ஆம் வசனங்களில் வரும் 'நாஸியா' என்னும் முன்நெற்றியைப் பொய்யின் மூளை மையம் என்று விளக்கி, அறிவியல் அற்புதமாக மேடைகளில் முழங்குகிறோம். தொழுகையைத் தடுத்த ஒரு கொடியவனுக்கு விடுத்த எச்சரிக்கை அது. அதன் கனம் எந்த ஸ்கேனுக்கும் கடன்பட்டதன்று. ஆனால் 'பொய்க்கு மூளையில் முகவரி உண்டு' என்னும் அதே எண்ணமே காவல்துறை விசாரணை அறைக்குள்ளும் நுழைந்தது. 2008 ஜூனில் புனே நீதிமன்றம் ஒரு பெண்ணுக்கு ஆயுள் தண்டனை விதித்தபோது, தலையில் மின்முனைகள் பொருத்தி எடுத்த மூளை அலைப் பதிவும் சான்றாக ஏற்கப்பட்டது. அத்தகைய சோதனைக்குத் தக்க அறிவியல் அடிப்படை இல்லை என்று பெங்களூரு நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையிலான குழு அவ்வாண்டிலேயே கூறியது. 2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், ஒருவரின் சம்மதமின்றி உண்மை கண்டறியும் ஊசியையோ மூளைச் சோதனையையோ செலுத்தக் கூடாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நள்ளிரவில் அழைத்துச் செல்லப்படும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அத்தீர்ப்பு ஒரு கேடயம். 'நெற்றியை ஸ்கேன் செய்தால் பொய் தெரியும்' என்று பரப்பும் நாம், அக்கேடயத்தை நம் கையாலேயே துளைக்கிறோம்.

இன்னொரு வேதனையும் உண்டு. கருவிக்குத் தகுதியில்லாத இடத்தில் அதைச் சாட்சிக்கு அழைக்கும் நாம், தகுதியுள்ள இடத்தில் அதைப் புறக்கணிக்கிறோம். பிள்ளைக்கு வலிப்பு வந்தால் இ.இ.ஜி. எடுத்துப் பார்க்க மனம் வருவதில்லை. 'ஜின் கோளாறு' என்று ஊர் ஊராக அலைகிறோம். ஈமானை அளக்க இ.இ.ஜி.யால் இயலாது, ஆனால் வலிப்பின் மின்புயலைக் காண அதனால் இயலும். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினர். 28 உயிர்கள் மடிந்தன. மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் ஏவிய சமுதாயத்தின் கண்முன் நடந்தது அது.

தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்), 'அல்முன்கித்' என்னும் தம் நூலில் கண்ணையே ஒரு கருவியாக நிறுத்தி விசாரித்தார். கண்ணுக்கு விண்மீன் ஒரு தீனார் அளவே தெரிகிறது. கணிதமோ அது பூமியைவிடப் பெரிது என்கிறது. நிரூபணமான அறிவியலை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் இஸ்லாத்தின் அறிவற்ற நண்பன் என்றும் அவர் எச்சரித்தார். மார்க்கத்தின் பெயரால் அறிவியலைப் புனைபவனும் அந்த நண்பனின் உடன்பிறப்பே.

அன்பிற்குரியோரே! அறிவில்லாத ஒன்றைப் பின்தொடராதீர் என்றும், செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்றும் அல்குர்ஆன் 17:36 எச்சரிக்கிறது. பரப்பும் விரலும் அவ்விசாரணைக்குத் தப்பாது. அடுத்த முறை வண்ண மூளையின் படம் வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இக்கருவி எதை அளந்தது? விடை தெரியாவிட்டால் படத்தை அங்கேயே நிறுத்துங்கள். பாங்கு ஒலித்தால் எழுந்து தொழுங்கள். பிள்ளைக்கு வலிப்பு கண்டால் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.