முப்பது வீதமா, முப்பது தாய்மாரா?



அண்மையில் மாதர் சங்கம் ஒன்றைச் சேர்ந்த சகோதரிகள், தாங்கள் தயாரித்த ஆங்கில அறிக்கையைத் திருத்தித் தருமாறு என்னிடம் கொடுத்தனர். கர்ப்பிணித் தாய்மாரை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்ல வாகனம் கேட்டு எழுதப்பட்ட அறிக்கை அது. அதில் எமது நாட்டின் தாய் இறப்பு '30 பேர்சென்ற்' என்றிருந்தது. அப்படியாயின் நூறு தாய்மார் பிள்ளை பெற்றால் முப்பது பேர் இறக்கிறார்கள் என்றல்லவா பொருள்!

தவறு எங்கே நேர்ந்தது? தமிழில் நாம் 'வீதம்' என்ற ஒரே சொல்லை நூற்றுவீதத்துக்கும் பயன்படுத்துகிறோம், இறப்பு வீதத்துக்கும் பயன்படுத்துகிறோம். தாய் இறப்பு கணக்கிடப்படுவது நூறு பேருக்கு அல்ல; ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு. 2020ஆம் ஆண்டில் எமது நாட்டில் இது சுமார் 30 ஆகும். 'பேர்சென்ற்' என எழுதியதால் அது ஆயிரம் மடங்காகிவிட்டது.

ஆங்கிலத்தில் இதனை 'மெற்றேர்னல் மோட்டாலிற்றி ரேஷியோ' என்று எழுத வேண்டும். 'ரேற்' என்பது வேறு; அது பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களின் தொகைக்குக் கணிக்கப்படுவது. எண்ணை எழுதியதும் 'பேர் 100,000 லைவ் பேர்த்ஸ்' என்பதையும், எந்த ஆண்டுக்குரியது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். ஒரு தாய் இறந்ததைச் சொல்லும்போது 'வன் மோட்டாலிற்றி' என்று எழுதுவது பிழை. 'வன் மெற்றேர்னல் டெத்' என்பதே சரி.

அந்த அறிக்கையில் இன்னொரு குறையும் இருந்தது. பிள்ளை பிறந்து 35ஆம் நாள் வீட்டில் இறந்த ஒரு தாயை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. "அவ இருதய வருத்தத்தாலதானே செத்தவ, மிஸ்" என்றார்கள். கர்ப்பத்தினால் அந்த வருத்தம் கடுமையானது என்று மருத்துவ விசாரணையில் முடிவாகியிருந்தது. கர்ப்ப காலத்திலோ, கர்ப்பம் முடிந்து 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பத்தால் உண்டான அல்லது கர்ப்பத்தால் மோசமான நோயினால் நேரும் மரணம், உலக சுகாதார நிறுவனத்தின் வரைவிலக்கணப்படி தாய் மரணமே. வீட்டில் இறந்தாலும் சரி, வைத்தியசாலையில் இறந்தாலும் சரி. விபத்து போன்ற தொடர்பற்ற காரணங்கள் மட்டுமே இதில் அடங்கா.

அப்படியானால் அந்தக் கிராமத்துக்கு ஒரு 'ரேஷியோ' போடலாமா? அவ்வாண்டு அங்கே 200 பிறப்புகள், ஒரு தாய் மரணம். கணக்குப் போட்டால் 500 வரும். அடுத்த ஆண்டு எவரும் இறக்காவிட்டால் அதுவே பூச்சியமாகிவிடும். இத்தகைய சிறு தொகைக்கு 'ரேஷியோ' பொருந்தாது.

ஆகவே நாங்கள் அந்த வரியை இப்படி மாற்றினோம்: "இவ்வாண்டு எமது கிராமத்தில் 200 பிறப்புகள், ஒரு தாய் பிள்ளை பிறந்து 35ஆம் நாள் இறந்தார், வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வாகனம் இருக்கவில்லை."

பெரிய எண்ணைக் காட்டினால்தான் உதவி கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். பிழையான எண்ணைக் கண்டவர் மிகுதி உண்மைகளையும் நம்பமாட்டார். இறந்துபோன அந்தச் சகோதரிக்கு நாம் செய்யக்கூடியது, அவரை விட்டுவிடாமலும் மிகைப்படுத்தாமலும் சரியாக எழுதுவதே.