காவிரி முடியும் இடத்தில் இரண்டு நாள்

"காவிரி எங்கேம்மா போய் முடியும்?" திருச்சியில் கரை கொள்ளாத காவிரியைப் பார்த்துவிட்டு வந்த என் மகன் கேட்ட இந்தக் கேள்விதான் பயணத்துக்குப் பிள்ளையார் சுழி. பொங்கல் விடுமுறையில் மாமனார், மாமியார், பிள்ளைகள் சகிதம் மயிலாடுதுறையில் ரயிலை விட்டு இறங்கினோம். அங்கிருந்து பூம்புகார் சுமார் 25 கி.மீ. வாடகைக் கார் பிடித்துக்கொண்டோம்.

வழியெல்லாம் சம்பா அறுவடை. சாலை ஓரத்தில் நெல் காயப்போட்டிருந்தார்கள். மாமா காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். நாலு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாள் காயணும்" என்றார். நிலத்தை விற்றுவிட்டு எங்களோடு சென்னைக்கு வந்த பிறகு, அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

பூம்புகாரில் கடலில் கலக்கிற காவிரி, ஒரு வாய்க்கால் அளவுதான். பையனுக்கு ஏமாற்றம். "இவ்வளவுதானா தாத்தா?"

"வர்ற வழியெல்லாம் வயலுக்குக் குடுத்துட்டு வருதுடா. மிச்சம்தான் கடலுக்கு" என்றார் மாமா. அதன் பிறகு அவன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

பூம்புகாரில் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைத் தவறவிடாதீர்கள். கண்ணகி கதையைச் சிற்பம் சிற்பமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். கடலில் மட்டும் கவனம்! அலையின் இழுப்பு அதிகம். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாலையில் தரங்கம்பாடி. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, பக்கத்திலேயே கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில். 2004 சுனாமியில் அடிபட்ட ஊர் இது என்று சொன்னதும், மணல்வீடு கட்டிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து கடலைப் பார்த்தாள்.

மறுநாள் நாகப்பட்டினம் வழியாக வேதாரண்யம். 1930-ல் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளிய ஊர். வெள்ளை வெளேரென்ற உப்பளங்களைத் தாண்டினால் கோடியக்கரை. காலையில் போனால் வெளிமான் கூட்டத்தைப் பார்க்கலாம். பனிக்காலத்தில் பூநாரைகளும் வரும். பைனாகுலர் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். காட்டுக்குள் கடைகள் கிடையாது என்பதால் தண்ணீரும் புளிசாதமும் கையோடு இருக்கட்டும். முட்டு வலி உள்ள பெரியவர்கள் இருந்தால், ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாதீர்கள்.

ஊர் திரும்பியதும் மாமாவின் சட்டைப் பையிலிருந்து பத்துப் பதினைந்து நெல்மணிகள் விழுந்தன. துவைக்கப் போன மாமியார் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

"அடுத்த தடவை ஆடிப்பெருக்குக்குக் கூட்டிட்டுப் போம்மா. புதுத் தண்ணி வர்றப்ப பார்க்கணும்" என்றார்.

காலண்டரில் ஆடி பதினெட்டை இப்போதே வட்டமிட்டு வைத்திருக்கிறான் பேரன்.