இரும்பு குறைந்தால் நச்சு

இரும்பு நமக்கு மட்டுமல்ல, கிருமிகளுக்கும் தேவை. அதனால் நம் உடல் ரத்தத்தில் இரும்பைத் தனியே உலவ விடுவதில்லை. டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தோடு பிணைத்து வைக்கிறது. இந்தத் தட்டுப்பாட்டையே அடையாளமாகக் கொண்டு வேலையைத் தொடங்குகிறது, தொண்டை அடைப்பான் நோயை உண்டாக்கும் பாக்டீரியா.

அதனுள் ‘டிடிஎக்ஸ்ஆர்’ என்றொரு புரதம். இரும்பு தாராளமாகக் கிடைக்கும்போது அதைப் பற்றிக்கொண்டு, நச்சு மரபணுவின் வாசலில் உட்கார்ந்துவிடும். நச்சு உற்பத்தியாகாது. இரும்பு குறைந்தால் பிடி நழுவும். மரபணு இயங்கத் தொடங்கும். நச்சு நம் செல்களில் புரத உற்பத்தியை நிறுத்துகிறது. தொண்டையில் சாம்பல் நிறப் படலம் படர்ந்து மூச்சு அடைக்கிறது, இதயமும் பாதிக்கப்படலாம்.

வேடிக்கை என்னவென்றால், அந்த மரபணு பாக்டீரியாவின் சொந்தச் சொத்தல்ல. ஒரு வைரஸ் கொண்டுவந்தது. ஆனால் அதை முடுக்குவதும் முடக்குவதும் பாக்டீரியாவின் புரதம்தான்.

இரும்பு கூடினால் நச்சு குறையும் என்பதை ஆல்வின் பாப்பன்ஹைமர் 1936-லேயே காட்டினார். தடுப்பூசி தயாரிப்பவர்களுக்கு அது பயன்பட்டது. கிருமியை இரும்புப் பஞ்சத்தில் வளர்த்து நச்சைப் பெறுகிறார்கள். ஃபார்மலின் கலந்து அதன் கடுமையைப் போக்கினால் தடுப்பு மருந்து தயார். இந்தியாவில் இந்நோய் இன்னும் ஒழிந்தபாடில்லை. எனவே குழந்தைகளுக்கு ஒரு தவணையும் தவறக் கூடாது.