பூகன்வில்: 98 சதவீதம் வாக்களித்த பிறகும் கைக்கு வராத சாவி

2019 டிசம்பர் நடுப்பகுதியில் என் கைபேசிக்கு ஒரே செய்தி நாலைந்து பேரிடமிருந்து வந்து சேர்ந்தது. பூகன்வில் என்ற தீவு பொதுசன வாக்கெடுப்பில் தனிநாட்டுக்கு வாக்களித்துவிட்டது என்பதுதான் செய்தி. 98 சதவீதம். கனடாவில் இருக்கும் பள்ளிக்காலத் தோழர் ஒருவர் அதன் கீழே "அடுத்தது நாங்கள்தான்" என்று எழுதியிருந்தார். அந்தத் தீவு உலகப்படத்தில் எங்கே இருக்கிறது என்று அவரிடம் கேட்டேன். பதில் வரவில்லை. நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கு எனக்கும் சரியாகத் தெரியாது.

அதன் பிறகு கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க, தோழர் நினைத்தது போல அது ஒரு வெற்றிக் கதை அல்ல என்பது விளங்கியது. தோல்விக் கதையும் அல்ல. வாக்கெடுப்பு நடந்து ஆண்டுகள் பல போய்விட்டன. பூகன்வில் இன்னும் பப்புவா நியூகினியின் ஒரு தன்னாட்சிப் பிராந்தியமாகவே இருக்கிறது. அது ஏன் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்க விரும்புகிறேன். வாக்கெடுப்பைப் பற்றி எங்களுக்குள் நிறையப் பேசுகிறோம். வாக்கெடுப்புக்கு மறுநாள் என்ன நடக்கும் என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம்.

பூகன்வில் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. புவியியலில் அது சொலமன் தீவுக் கூட்டத்தின் ஒரு துண்டு. மக்களின் உறவும் மொழிச் சாயலும் அந்தப் பக்கத்தோடுதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மனியும் பிரித்தானியாவும் கடலில் ஒரு கோட்டைக் கீறிப் பங்கு பிரித்தபோது பூகன்வில் ஜேர்மனியின் பக்கம் விழுந்தது. முதலாம் உலகப் போருக்குப் பிறகு அவுஸ்திரேலியாவின் நிர்வாகத்துக்குப் போனது. பிறகு பப்புவா நியூகினியோடு சேர்ந்தது. எந்தக் கட்டத்திலும் யாரும் அந்த மக்களைக் கேட்கவில்லை. தங்கள் தோலின் கடுங்கறுப்பு நிறத்தையே அவர்கள் தங்கள் அடையாளமாகச் சொல்வார்கள். பெருநிலத்தவரை "சிவப்புத் தோலர்" என்பார்கள். தீவுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு. அதாவது அவர்களை ஒரு தேசமாக்கியது ஒரு மொழி அல்ல. வெளியே இருந்து வந்தவர்களால் ஒரே விதமாக நடத்தப்பட்ட அனுபவம்தான் பெரும்பாலும் அதைச் செய்தது என்று நான் நினைக்கிறேன்.

அந்த அனுபவத்தின் மையம் பாங்குனா. 1960களில் அங்கே பெரும் செப்புப் படிவு கண்டறியப்பட்டது. நிலத்துக்குக் கீழே இருப்பது அரசுக்குச் சொந்தம் என்றது அவுஸ்திரேலிய நிர்வாகத்தின் சட்டம். பூகன்விலின் பெரும்பாலான பகுதிகளிலோ காணி தாய்வழியில் இறங்குவது. 1969இல் றொரோவானா என்ற கரையோரக் கிராமத்தில் நில அளவையாளர்கள் நட்ட முளைகளைப் பெண்கள் பிடுங்கினார்கள். காவல்துறை கண்ணீர்ப்புகையும் தடியடியும் கொடுத்தது. சுரங்கம் 1972இல் இயங்கத் தொடங்கியது. பப்புவா நியூகினியின் ஏற்றுமதி வருமானத்தில் பாதியளவு அந்த ஒரு குழியிலிருந்து வந்த காலம் உண்டு. காணிக்காரருக்குக் கிடைத்ததோ மிகச் சிறிய துண்டு. நூறு கோடி தொன்னுக்கு மேற்பட்ட கழிவு ஜாபா, கவெரோங் ஆறுகளில் கொட்டப்பட்டது.

1975 செப்டெம்பர் 1ஆம் திகதி, பப்புவா நியூகினி சுதந்திரம் பெறுவதற்குப் பதினைந்து நாட்களுக்கு முன்பு, பூகன்வில் தலைவர்கள் "வட சொலமன் குடியரசு" என்று பிரகடனம் செய்தார்கள். எந்த நாடும் அங்கீகரிக்கவில்லை. அடுத்த ஆண்டு ஒரு மாகாண அரசோடு சமாதானமானார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அந்த மாகாண அரசால் சுரங்கத்தைப் பற்றி எதுவும் செய்ய முடியாது என்பது தெளிவானபோது, சுரங்கத்திலேயே வேலை பார்த்த பிரான்சிஸ் ஓனா என்பவர் மின்கம்பங்களைத் தகர்த்தார். 1989 மே மாதத்தில் சுரங்கம் மூடப்பட்டது. போர் தொடங்கியிருந்தது.

1990இல் அரசு தீவின் மீது பொருளாதாரத் தடை விதித்தது. மருந்து உட்பட. இந்த இடத்தை வாசித்தபோது சற்று நேரம் நிறுத்திவிட்டேன். அதே 1990இல்தான் எங்கள் வீட்டில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரி வைத்து விளக்குக் கொளுத்தத் தொடங்கினோம். நாலு துளி பெற்றோல் விட்டு உதைத்துவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலம். அங்கே அவர்கள் தேங்காய் எண்ணெயில் வாகனம் ஓட்டியிருக்கிறார்கள். இரு இடத்தவரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே பாடத்தைப் படித்திருக்கிறோம். மருந்தில்லாமல் செத்தவர்களின் சரியான கணக்கு அங்கேயும் இல்லை. மொத்த உயிரிழப்பு 15 ஆயிரம் முதல் 20 ஆயிரம் வரை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. தீவின் அன்றைய சனத்தொகை இரண்டு இலட்சத்தைச் சுற்றித்தான் இருந்தது.

அந்தச் சாவுகள் எல்லாம் அரச படையால் வந்தவை அல்ல. பூகன்வில் புரட்சிப் படைக்கு எதிராக, அரசோடு சேர்ந்து நின்ற பூகன்வில் ஆயுதக் குழுக்களும் இருந்தன. ஊருக்கு ஊர், குலத்துக்குக் குலம் பழிவாங்கல் நடந்தது. எனவே 1997 ஜூலையில் நியூசிலாந்தின் பேர்ண்ஹாம் படைமுகாமில் முதலில் கூடியவர்கள் அரசும் போராளிகளும் அல்ல. பூகன்வில்காரர்களின் எதிரெதிர் தரப்புகள். தங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் அரசோடு பேசினார்கள். அதற்கு முன்பும் பின்பும் கிராமங்களில் பெண்கள் அமைப்புகளும் தேவாலயங்களும் இணக்கச் சடங்குகளை நடத்தின. வில்லையும் அம்பையும் முறித்து, பாக்குச் சப்பி, கொன்றவரும் இழந்தவரும் எதிரெதிரே இருந்தார்கள். எங்களிடம் பாக்கும் வெற்றிலையும் இருக்கிறது. அப்படி எதிரெதிரே இருந்த ஒரு பொழுது இருக்கிறதா? இயக்கங்களுக்கு இடையில் நடந்த கொலைகளைப் பற்றி நாங்கள் இன்றும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டத்தான் பேசுகிறோம்.

அரசு ஏன் இறங்கி வந்தது? இராணுவத்தால் வெல்ல முடியவில்லை என்பது ஒரு காரணம். 1997இல் பிரதமர் ஜூலியஸ் சான் சாண்ட்லைன் என்ற கூலிப்படை நிறுவனத்தைக் கொண்டுவந்தபோது சொந்த இராணுவத்தின் தளபதியே எதிர்த்து நின்றார். பிரதமர் விலக நேர்ந்தது. ஆனால் அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு என்பது என் கணிப்பு. பப்புவா நியூகினியில் எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. நாடு முழுவதும் தனக்கே சொந்தம் என்று நம்புகிற ஒரு பெரும்பான்மை இனம் அங்கே இல்லை. பூகன்விலுக்கு ஏதாவது கொடுத்தால் அடுத்த தேர்தலில் தோற்றுப்போவோம் என்ற பயம் அங்குள்ள அரசியல்வாதிக்கு இல்லை. பூகன்விலை எங்களுக்கு முன்னுதாரணமாகக் காட்டுகிறவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

2001 ஓகஸ்ட் 30ஆம் திகதி அராவா நகரில் கைச்சாத்தான சமாதான உடன்படிக்கையில் மூன்று தூண்கள்: தன்னாட்சி, ஆயுதக் களைவு, பொதுசன வாக்கெடுப்பு. அதில் என்னை மிகவும் கவர்ந்தது அதன் படிமுறை. போராளிகள் ஆயுதங்களைக் கொள்கலன்களில் வைத்தார்கள். ஒவ்வொரு கொள்கலனுக்கும் இரண்டு பூட்டு. ஒரு சாவி போராளித் தளபதியிடம். மற்றது ஐ.நா. கண்காணிப்பாளரிடம். அப்படிப் பூட்டப்பட்டதை ஐ.நா. உறுதிப்படுத்தினால்தான் அரசியலமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வரும். திருத்தம் வராவிட்டால் ஆயுதக் களைவும் முன்னே போகாது. ஒருவர் ஒரு அடி வைத்தால்தான் மற்றவரும் ஒரு அடி வைக்கலாம். அமைதியைக் கண்காணிக்க வந்த நியூசிலாந்து, அவுஸ்திரேலியா, பிஜி, வனுவாட்டு நாட்டவர்களும் ஆயுதமில்லாமலே வந்தார்கள்.

தன்னாட்சிக்கும் இரண்டு சாவி. அந்த அரசியலமைப்புப் பகுதியை மாற்ற வேண்டுமானால் தேசிய நாடாளுமன்றம் மட்டும் போதாது. பூகன்வில் சபையின் சம்மதமும் வேண்டும். 13ஆவது திருத்தத்தின் கீழ் இணைந்திருந்த வடக்கு-கிழக்கு, 2006இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்போடு பிரிந்துபோனதை நினைத்துப் பாருங்கள். வட மாகாணசபையின் ஆயுட்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபோது தேர்தலை வைக்காமல் விடுவதற்கு யாருடைய சம்மதமும் தேவைப்படவில்லை.

2005இல் பூகன்வில் தன்னாட்சி அரசு அமைந்தது. அதன் சபையில் மூன்று ஆசனங்கள் பெண்களுக்கும் மூன்று ஆசனங்கள் முன்னாள் போராளிகளுக்கும் ஒதுக்கப்பட்டன. முன்னாள் போராளி என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் இருக்கும் பொருளை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஓனா உடன்படிக்கையை ஏற்காமலே பாங்குனா மலையில் இருந்துவிட்டு அதே ஆண்டில் இறந்தார். இப்போது அதிபராக இருக்கும் இஷ்மாயில் ரொரோமா புரட்சிப் படையின் முன்னாள் தளபதி. 2020இல் தெரிவாகி 2025இல் மறுபடியும் தெரிவானவர்.

வாக்கெடுப்பு, தன்னாட்சி அரசு அமைந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் பதினைந்து ஆண்டுகளுக்குள்ளும் நடக்க வேண்டும் என்று உடன்படிக்கையில் எழுதியிருந்தது. கடைசிக் கட்டத்தில் நடந்தது. அயர்லாந்தின் முன்னாள் பிரதமர் பேர்ட்டி அகேர்ன் தலைமையிலான ஆணைக்குழு நடத்தியது. 181,067 வாக்குகளில் 176,928 சுதந்திரத்துக்கு விழுந்தன. கூடிய தன்னாட்சிக்கு 3,043 மட்டுமே. முன்பு அரசோடு நின்ற குழுக்களின் ஊர்களும் சேர்ந்து வாக்களித்ததால்தான் இந்த எண்ணிக்கை வந்தது. பாக்குச் சப்பிய சடங்குகளுக்கு அதில் பங்கு இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் உடன்படிக்கையின் வாக்கெடுப்பு அத்தியாயம் முடிவு சொல்கிற இடத்தில் இப்படி அமைகிறது: முடிவைப் பற்றி இரு அரசுகளும் கலந்தாலோசிக்க வேண்டும். இறுதித் தீர்மானம் தேசிய நாடாளுமன்றத்துடையது. ஆயுதத்துக்கு இரண்டு சாவி, தன்னாட்சிக்கு இரண்டு சாவி வைத்தவர்கள், கடைசிக் கதவுக்கு ஒரே சாவியை வைத்து அதை போர்ட் மோர்ஸ்பியிடம் கொடுத்துவிட்டார்கள். நாடாளுமன்றம் எத்தனை நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று காலக்கெடு இல்லை. எடுக்காவிட்டால் என்ன என்பதும் இல்லை.

இதைப் பேச்சுவார்த்தையாளர்களின் ஏமாளித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வசனம் இல்லாவிட்டால் 2001இல் அரசு கைச்சாத்திட்டிருக்காது. வாக்கெடுப்பே இல்லாமல் போயிருக்கும். மக்கள் பெருவாரியாக வாக்களித்துவிட்டால் எந்த நாடாளுமன்றமும் மறுக்க வெட்கப்படும் என்று அவர்கள் நம்பினார்கள். நாடாளுமன்றம் மறுக்கவில்லைத்தான். காலத்தைக் கடத்துகிறது. 2022இல் எரா கோனே உடன்பாட்டில் 2025க்கு முன்பல்ல, 2027க்குப் பிறகுமல்ல என்று இரு அரசுகளும் ஒரு கால எல்லையை ஒத்துக்கொண்டன. பிறகு நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மையா, மூன்றில் இரண்டா என்பதிலேயே இழுபறி. நியூசிலாந்தின் முன்னாள் ஆளுநர் நாயகம் ஜெரி மட்டபாரே மத்தியஸ்தராக வந்தார். 2025 ஜூனில் மறுபடியும் அதே பேர்ண்ஹாமில் கூடி "மெலனீசிய உடன்படிக்கை" என்று இன்னொன்றைச் செய்தார்கள். பிரதமர் ஜேம்ஸ் மராபேயின் பக்கத்திலும் ஒரு சங்கடம் உண்டு. நியூ அயர்லாந்து, கிழக்கு நியூ பிரிட்டன் போன்ற மாகாணங்களும் கூடிய அதிகாரம் கேட்டு நிற்கின்றன.

இன்னொரு பலவீனம் பூகன்விலின் சட்டைப்பையில் இருக்கிறது. தன்னாட்சி அரசின் செலவில் பெரும்பகுதி இன்றும் போர்ட் மோர்ஸ்பியிலிருந்தும் வெளிநாட்டு உதவியிலிருந்தும் வருகிறது. கொக்கோவும் கொப்பறாவும் ஒரு அரசை நடத்தப் போதாது. எனவே ரொரோமாவின் அரசு மறுபடியும் பாங்குனாவைத் திறக்கப் பார்க்கிறது. றியோ ரின்ரோ நிறுவனம் 2016இல் தன் பங்குகளைக் கைவிட்டு வெளியேறியது. ஆறுகளில் கிடக்கும் கழிவைச் சுத்தம் செய்வது யார் என்பது இன்னமும் பேச்சில் இருக்கிறது. போரைத் தொடக்கிய அதே குழியின் பணத்தில் சுதந்திரத்தை வாங்குவது எப்படி என்ற கேள்வி, முளை பிடுங்கிய பெண்களின் பேரப்பிள்ளைகள் முன்னால் இருக்கிறது. அவர்களுக்குள் இதில் ஒரே கருத்து இல்லை.

2027 செப்டெம்பர் 1ஆம் திகதியை சுதந்திர நாளாக ரொரோமா அறிவித்திருக்கிறார். 1975இல் பிரகடனம் செய்த அதே திகதி. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 2027 நடுப்பகுதியில், பப்புவா நியூகினியில் பொதுத் தேர்தல் வர வேண்டும். இப்போதைய நாடாளுமன்றம் அதற்கு முன் வாக்கெடுக்காவிட்டால், வாக்குறுதிகளில் ஒன்றிலும் கையெழுத்திடாத புதிய உறுப்பினர்கள் பலரின் கைக்கு அந்தச் சாவி போகும்.