காஞ்சியில்லாப் போர்

கற்பிட்டியிலே மாலை வேளையில் இளைஞர் நால்வர் கூடுமிடத்தில் கையடக்கத் தொலைபேசியிற் ‘பப்ஜி’ ஆடப்படுவது இன்று புதுமையன்று. 2017இல் வெளிவந்து, மறு ஆண்டே தொலைபேசிக்கும் வந்துசேர்ந்த அவ்விளையாட்டின் அமைப்பு எளிது. நூறு பேர் வானூர்தியிலிருந்து ஒரு தீவிற் குதிக்கின்றனர். வெறுங்கையுடன் இறங்கியவர்கள் ஆளில்லாத வீடுகளுக்குட் புகுந்து துப்பாக்கியும் மருந்தும் பொறுக்குகின்றனர். ஒருவரையொருவர் கொன்று, இறுதியில் எஞ்சி நிற்பவர் வெற்றியாளராகின்றார். அவ்வீடுகளில் வாழ்ந்தவர் யாவர், அவர்கள் எங்கே போயினர் என்று விளையாட்டுக் கேட்பதில்லை, விளையாடுபவரும் கேட்பதில்லை.

கற்பிட்டியோ இக்கேள்வியைக் கேட்காமலிருக்க இயலாத ஊர். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது 70,000க்கு மேற்பட்டோர் ஊரிழந்தனர். யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் வந்தோர் பலர் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். அவர்கள் விட்டுவந்தனவும் ஆளில்லாத வீடுகளே. அவற்றுள்ளும் புகுந்து பொறுக்கினோர் இருந்தனர். அம்மக்களின் பேரப்பிள்ளைகள் வளரும் மண்ணிலேதான் வெற்று வீடுகளைக் கொள்ளையிடும் விளையாட்டும் ஆடப்படுகின்றது. இம்முரணைச் சுட்டுவது இளைஞரைப் பழிப்பதற்கன்று. போர் விளையாட்டு ஆடுபவர் கொலைஞராவர் என்பதும் இங்கு வாதமன்று. வேறெதனையும் அவர்முன் வைக்காத வணிகமும், விளையாட்டு ஆய்வுக்குத் தகாதது என ஒதுக்கிவிட்ட தமிழ்க் கல்வியுலகுமே கண்டனத்துக்குரியன.

விளையாடுவோரிடையே வேரூன்றிய கருத்தொன்று உண்டு. போரே விளையாட்டின் உயிர். தேடல் அதற்கான ஆயத்தம். கதையோ இரண்டு சண்டைகளுக்கிடையில் வந்து குறுக்கிடும் தடை. இம்மூன்று கூற்றுகளும் பிழையானவை.

போரைப் பாடலாகாது என்று தமிழ் மரபு ஒருபோதும் கூறியதில்லை. தொல்காப்பியர் வகுத்த புறத்திணை ஏழினுள் வெட்சியும் வஞ்சியும் உழிஞையும் தும்பையும் போரின் நிலைகளைக் கூறும். வாகை வெற்றியைக் கூறும். எனினும் அவர் அவ்வளவில் அமையவில்லை. நிலையாமை கூறும் காஞ்சியையும் ஒரு திணையாக வைத்தார். கணவனை இழந்தாள் நிலையும், மாய்ந்தோனைச் சூழ்ந்து சுற்றத்தார் அழுதலும் அதன் துறைகளாயின. இன்றைய போர் விளையாட்டுகளிற் பெரும்பாலானவை வாகையோடு முடிந்துவிடுகின்றன. ‘பப்ஜி’யில் வீழ்ந்தவனுடைய உடல் எஞ்சுவதில்லை; அவன் சுமந்த பொருள்கள் மட்டும் ஒரு பெட்டியாகக் கிடக்கின்றன. அழுவதற்கு அங்கே எவருமில்லை.

தேடலின் நிலையும் இதனின் வேறன்று. கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667க்கும் 1676க்கும் இடையிற் கட்டிய கோட்டை, களப்பு வாயிலைக் காவல்செய்து கண்டி மன்னனின் வணிகத்தைக் கட்டுப்படுத்த எழுந்ததாகும். கடல் கடந்து தேடிவந்தோர், எடுத்துச் செல்வதற்காகவே தேடினர். ஆயுதமோ புதையலோ கிடைத்தாலன்றி ஓரிடத்தாற் பயனில்லை எனக் கற்பிக்கும் விளையாட்டும் அந்தக் குடியேற்றவாதியின் கண்களையே விளையாடுபவருக்குப் பொருத்திவிடுகின்றது. மாறாக, பண்டைய எகிப்தைக் களமாகக் கொண்ட ‘அசாசின்ஸ் க்ரீட் ஒரிஜின்ஸ்’ என்னும் விளையாட்டு, 2018 பெப்ரவரியிற் போரை முற்றாக நீக்கி, அந்நாட்டைச் சுற்றிப் பார்த்துக் கற்கும் பகுதியொன்றைச் சேர்த்துக்கொண்டது. சண்டை நீங்கிய பின்னரும் அங்கே பார்ப்பதற்கு ஓர் உலகம் இருந்தது.

சண்டை குறைந்தாற் சுவை குன்றும் என்பார்க்கு விடை போலந்திலிருந்து வந்தது. சரயேவோ முற்றுகையின் அனுபவத்தை அடியாகக் கொண்டு 2014இல் வெளிவந்த ‘திஸ் வோர் ஒஃப் மைன்’ என்னும் விளையாட்டில், விளையாடுபவர் வழிநடத்துவது படைவீரரையன்று. முற்றுகைக்குட் சிக்கிய குடிமக்களையே. அங்கும் இரவில் வீடு புகுந்து பொருள் தேடவேண்டும். ஆனால் ஒரு வீட்டில் முதிய தம்பதியர் இருக்கின்றனர். அவர்களுடைய உணவையும் மருந்தையும் கவர்ந்து வந்தால், கவர்ந்தவரே குற்றவுணர்விற் சோர்ந்துபோகின்றார். செயல் ஒன்றே; அதற்குப் பொருள் தருவது கதை. வீட்டுக்குள் மனிதரை வைத்த அக்கணமே விளையாட்டுக்குள் காஞ்சி புகுந்துவிடுகின்றது.

தமிழிலும் சான்றுண்டு. ரொறன்ரோவில் உருவாகி 2023இல் வெளிவந்த ‘வெண்பா’, கனடாவிற் குடியேறிய தமிழ்த் தாயொருத்தியின் கதையைச் சமையல்வழி சொல்கின்றது. சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டின் விடுபட்ட படிகளை ஊகித்து இட்டலியும் புட்டும் ஆக்குவதே அங்கு விளையாட்டு. மொழியிலிருந்து விலகிச் செல்லும் மகனே அங்கு இழப்பு. துப்பாக்கியில்லாத அவ்விளையாட்டு 2024இல் அறிமுகப் படைப்புக்கான பிரித்தானிய பஃப்டா விருதைப் பெற்றது.

ரொறன்ரோவின் அடுக்களை விளையாட்டாகுமெனின் கற்பிட்டியின் கரை ஏன் ஆகாது? இரண்டு மணி நேரத்தில் எதனை எடுப்பது, எதனை விடுவது, நடக்கவியலாத மூதாட்டியை யார் தூக்குவது என்னும் தெரிவுகளைவிடக் கடினமான ஆட்டம் எது? அதனை ஆக்குவதற்குக் கணினி அறிந்த மாணவரும், கதையறிந்த தமிழ் மாணவரும், வாய்மொழி வரலாற்றைத் திரட்டும் ஆய்வாளரும் ஒன்றுகூடவேண்டும். இம்மூவரும் ஒரே பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கின்றனர். வீடிழந்து வந்தோரோ முதுமையடைந்து வருகின்றனர். அவர்தம் நினைவைப் பதியாமல், பேரப்பிள்ளைகள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர் எனக் குறைகூறுவது கற்றோர்க்கு அழகன்று.