வன்னிக்கு எந்தக் கோழிக் கொட்டில்?

தட்டுத் தட்டாக அடுக்கிய கம்பிக் கூடுகளிலே கோழிகளை நிறுத்தி, தீனையும் நீரையும் யந்திரத்தால் ஊட்டி, முட்டையையும் எச்சத்தையும் ஓடும் பட்டிகளால் அகற்றுகின்ற தானியங்கிப் பண்ணையே முட்டை உற்பத்தியின் அபிவிருத்தி என்று கருதுவோர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. முட்டை சுத்தமாய் வரும். எச்சத்தில் கால் படாமையால் இரத்தக் கழிச்சல் குறையும். ஆயிரக்கணக்கான கோழிகளை ஓரிருவரே பராமரிக்கலாம். ஆயினும், போருக்குப் பின் செட்டிகுளத்து அகதி முகாம்களிலிருந்து வெறுங்கையோடு ஊர் திரும்பிய கிளிநொச்சி, முல்லைத்தீவுக் குடும்பங்களுக்கு, விசேஷமாகக் கணவரை இழந்து குடும்பப் பாரத்தைத் தாமே சுமக்கும் பெண்களுக்கு, கோழி வளர்ப்பு ஒரு ஜீவனோபாயமாக இருக்கும் இந்நிலத்தில், மனிதக் கை வேண்டாதபடி செய்வதே ஒரு முறையின் பிரதான சிறப்பென்றால், அச்சிறப்பினால் பிரயோசனம் அடைவோர் யாவர்?

அந்த யந்திரங்களுக்கோ மின்சாரம் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் 13 மணிநேரம் மின்சாரம் நின்றதை நாம் மறக்கவில்லை. அடைத்த கொட்டிலில் விசிறி நின்றால் வன்னி வெயிலில் கோழிகள் நெடுநேரம் உயிர் தரியா. நாளுக்குச் சுமார் 110 கிராம் தீன் உண்ணும் முட்டைக் கோழிக்குச் சோளமே ஆதாரம். 2021 இல் இரசாயன உரம் தடுக்கப்பட்டுச் சோள விளைச்சல் வீழ்ந்து, தீன் விலை ஏறி, பண்ணையாளர் பலர் தொழிலைக் கைவிட, 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை கப்பலேறி வந்தது. எத்துணை விலையுயர்ந்த கூடும் அந்தப் பஞ்சத்தைத் தடுத்திராது. கடன்பட்டுக் கூடு வாங்கியவனுக்குத் தவணைப் பாரமே எஞ்சியிருக்கும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, கோழியின் சுபாவம் ஒன்றுண்டு. சிறகு விரித்தலும், புழுதியிற் குளித்தலும், முட்டையிடும் வேளையில் மறைவிடம் தேடுதலும் அதற்கு இயற்கை விதித்தவை. பழைய கூடுகளில் ஒரு கோழிக்கு ஐரோப்பியச் சட்டம் விதித்திருந்த குறைந்தபட்ச இடம் 550 சதுர சென்ரிமீற்றர். நாம் எழுதும் ஏ4 தாளிலும் சிறியது. 1999 இல் தீர்மானித்து, 2012 சனவரி 1 முதல் அக்கூடுகளை ஐரோப்பிய ஒன்றியத்தினர் தடை செய்தார்கள். அந்தப் பழைய கூடு போயிற்றே அன்றி யந்திரம் போகவில்லை. கோழிகள் தாமே ஏறி இறங்கும் அடுக்குக் கொட்டில்களில், முட்டையிடும் பெட்டிகளின் கீழே இன்றும் பட்டி ஓடுகிறது. ஆதலால் யந்திரம் வேண்டுமென்போர் கூட்டையும் சேர்த்தே வேண்ட அவசியமில்லை.

வன்னியிலோ நெல் ஆலைகளில் உமி குவிந்து கிடக்கிறது. அதைப் பரப்பிய ஆழ்கூளக் கொட்டிலில், கீரியும் மரநாயும் புகாத கம்பிவலைக்குள், நூறு இருநூறு கோழிகளை ஒரு குடும்பம் வளர்க்கலாம். கூளம் பின்னர் வயலுக்கு உரமாகும். ஈரம் பட்டால் கூளம் நோயை வளர்க்கும் என்பது மெய்யே. மாரியில் அதைக் கிளறி உலர்த்தும் சிரமத்தை ஏற்கவேண்டும். வடமாகாணக் கால்நடைத் திணைக்களமும் வங்கிகளும் யந்திரக் கூட்டுக்குப் பணம் ஒதுக்க எண்ணினால், அதை ராணிக்கெட் நோய்த் தடுப்பூசிக்கும், முட்டையிடும் பெட்டிகளுக்கும், வவுனியாவில் விளையும் சோளத்தை அறுவடைக் காலத்திலேயே வாங்கிச் சேமிக்கும் கூட்டுறவுக் களஞ்சியங்களுக்கும் முதலில் செலவிடட்டும்.